வீட்டில் படித்த பிள்ளையும் கல்லூரிக் கட்டுரையும்

(நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், 1985-88 கணித வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கச் செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அமெரிக்காவில் முப்பது வருஷம் இருந்துட்டீங்க, அந்த அனுபவத்தைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. ஒரு நாட்டைப் பற்றிப் பேச நான் யார்? எனக்குத் தெரிந்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அந்த மேஜையில் வைத்து இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அதில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அந்தத் தப்பையும், அதைத் திருத்திக் கொள்ள இந்தக் கல்லூரியில் கற்ற ஒரு பாடம் எப்படி உதவியது என்பதையும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி சரி. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவில் பிள்ளை வருஷம் முழுதும் செய்த வேலைகளை ஒரு கோப்பாகச் சேர்த்து, தகுதியுள்ள ஒருவரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். நாங்கள் இருக்கும் டெக்சஸில் அப்படி எதுவும் கிடையாது. 1994-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக் கல்வி நடத்தும் பெற்றோர் உண்மையான அக்கறையோடு, ஒரு பாடத்திட்டம் வைத்து, ஐந்து பாடங்களைச் சொல்லித் தர வேண்டும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை. அவ்வளவுதான். கவனித்தீர்களா? அந்தப் பட்டியலில் 'கட்டுரை எழுதுதல்' என்று ஒன்று இல்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

நாங்கள் ஏன் இந்த வழிக்குப் போனோம் என்று கேட்பீர்கள். கொள்கை, லட்சியம் ஒன்றும் இல்லை. என் கணவருக்கு நாலு வருஷத்தில் மூன்று ஊர் மாற்றம். மகள் ஒவ்வொரு பள்ளியிலும் புதுப் பிள்ளையாகவே இருந்து இருந்து வாயை மூடிக் கொண்டாள். ஆறாம் வகுப்பில் ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று தொடங்கினோம். ஊரிலிருந்து என் அம்மா போனில், "ஏட்டி, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலியாமே? கேட்டா ஊர்ல என்ன சொல்லுவாவ?" என்று கேட்டாள். "ஒரு வருஷம்தாம்மா" என்றேன். ஒரு வருஷம் ஏழு வருஷம் ஆயிற்று. அக்காவைப் பார்த்துத் தம்பியும் வீட்டிலேயே உட்கார்ந்து கொண்டான்.

படிப்பு நன்றாகவே போயிற்று. நான் கணக்குக்காரி, கணக்குக்குக் குறைவில்லை. மகள் வாரம் ஐந்தாறு புத்தகம் நூலகத்திலிருந்து அள்ளி வருவாள். பெரியவர்களோடு கூச்சமில்லாமல் பேசப் பழகினாள். எந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டாலும் அரைமணி நேரம் பேசுவாள்.

குழி அங்கேதான் இருந்தது. வீட்டில் எல்லாமே பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை சொல்லிவிட்டாள், அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். பாதி வாக்கியத்திலேயே "சரி, புரியுது" என்று நான் தலையாட்டி விடுவேன். அவள் விட்ட இடத்தை என் மனசு தானாக நிரப்பிக் கொள்ளும். காகிதத்துக்கு அந்த வசதி இல்லை. காகிதம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குத் தனியாகப் போய்ச் சேருகிறது. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நாம் இருப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் பேசவிட்டுக் கேட்க முடியாது, அதனால் எழுதச் சொல்கிறார். ஒரே பிள்ளை உள்ள வகுப்பில் எழுத வேண்டிய அவசியமே வராமல் போய்விடுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை கஷ்டமாவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. அவர்களுக்கு வாசகர் ஒருவர்தான். அந்த ஒருவரும் அம்மா.

2016-இல் மகளுக்குப் பதினாறு வயது. டெக்சஸில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் சமுதாயக் கல்லூரியில் சில பாடங்களை எடுத்துப் படிக்கலாம். அது பள்ளிக்கும் கணக்காகும், கல்லூரிக்கும் கணக்காகும். வீட்டில் படிப்பவர்களுக்கும் அந்த வாய்ப்பு உண்டு. முதலில் ஒரு தகுதித் தேர்வு. அதில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். அதற்கு 1 முதல் 8 வரை மதிப்பெண். எப்படியோ தேறிவிட்டாள். முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் சேர்ந்தாள்.

முதல் கட்டுரை, பொது நூலகங்களுக்கு அரசு பணம் செலவழிப்பது பற்றி. அவளுக்குப் பிடித்த விஷயம். எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். இந்த வார்த்தை சரியில்லை, இந்த வாக்கியம் நீளம், இங்கே இப்படிச் சொன்னால் எடுப்பாக இருக்கும்... திருத்தினேன். அவள் பிரதி எடுத்து வந்தாள், மறுபடி திருத்தினேன். நாலு தடவை. கடைசியில் கட்டுரை 'பளபள'வென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் அந்த ஆசிரியை மகளைத் தனியாக அறைக்கு அழைத்தார். கட்டுரையை மேஜைமேல் வைத்து, "இந்த இரண்டாவது பத்தியில் என்ன சொல்ல வருகிறாய்? உன் வார்த்தையில் இங்கேயே எழுதிக் காட்டு" என்றார். மகள் மூன்று வரி எழுதினாள். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அழுதுவிட்டாள். அந்த அம்மையார் நல்லவர். மேலிடத்துக்குப் புகார் செய்யவில்லை. "மதிப்பெண் கிடையாது, நீயே எழுதி இரண்டு வாரத்தில் கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் கட்டுரையை என் முன்னால் போட்டு, "இதுல என் வாக்கியம் எதும்மா? ஒண்ணு காட்டு பார்ப்போம்" என்றாள். தேடிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூட இல்லை. "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. ஆனா அவங்க கேட்டப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி ஆயிட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டாள். அந்த இரண்டு வாரமும் அவள் எழுதிய ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் காட்டவில்லை. ஆறாம் வகுப்பில் பள்ளியில் மூடிய வாயை நான் வீட்டில் திறந்து வைத்தேன் என்று நினைத்திருந்தேன். கைப்பேனாவால் நானே மறுபடி மூடிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போதுதான் நம் கல்லூரியின் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது.

1985, முதலாண்டு. 'எங்கள் ஊர் ஆறு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார் எங்கள் தமிழ்ப் பேராசிரியர். நான் முறப்பநாட்டுக்காரி. தாமிரபரணி எங்கள் வாசலில் ஓடுகிறது என்றே சொல்லலாம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? ஆறு என்பது இயற்கையின் கொடை, ஆற்றங்கரையில்தான் நாகரிகம் தோன்றியது, ஆற்றைத் தாயாகப் போற்றினர் நம் முன்னோர்... பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை எல்லாம் இறக்கி வைத்தேன். நாலு பக்கம். முத்து முத்தான கையெழுத்து.

பேராசிரியர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஏம்மா, உங்க ஊர்ப் படித்துறையில எத்தனை படி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இறங்கி ஏறிய படி, எத்தனை என்று தெரியவில்லை! "சனி ஞாயிறு ஊருக்குப் போவல்லா? எண்ணிட்டு வா. எந்தப் படி வழுக்கும், எந்தப் படியில ஆச்சிமார் உக்காந்து கதை பேசுவாவன்னு பாத்துட்டு வந்து எழுது" என்றார்.

போனேன், எண்ணினேன், எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. அவர் அதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். 'இந்த ஆச்சி யார்?' 'தண்ணீர் எந்த மாசம் இந்தப் படிக்கு வரும்?' 'உனக்கு ஆற்றைக் கண்டு பயமா, பிரியமா?' அந்த மூன்றுக்கும் பதில் எழுதியபோது கட்டுரை மூன்று பக்கம் ஆகிவிட்டது. எத்தனை படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன், நீங்களே போய் எண்ணிப் பாருங்கள்! (சிரிப்பு)

முப்பது வருஷம் கழித்து, ஒரு ராத்திரி, எனக்கு அது விளங்கியது. அவர் திருத்தவில்லை, கேட்டார். அதனால் எழுத்து என்னுடையதாகவே இருந்தது. நான் கேட்கவில்லை, திருத்தினேன். அதனால் பிள்ளையின் எழுத்து என் எழுத்தாகிவிட்டது.

மறுநாள் சிவப்புப் பேனாவை எடுத்துப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு என் வீட்டிலும், பின்னால் எங்கள் பகுதி நூலகத்தில் சனிக்கிழமை தோறும் கூடிய பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கல்விப் பிள்ளைகளிடமும் நாங்கள் கடைப்பிடித்த சில முறைகளைச் சொல்கிறேன். இவை பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

முதலாவது, ஒரு கட்டுரைக்கு மூன்று கேள்வி. அதற்கு மேல் கிடையாது. 'இது யார் சொன்னது?' 'இதை மறுப்பவர் என்ன சொல்வார்?' 'ஒரு உதாரணம் இருக்கிறதா?' இப்படி. எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை எல்லாம் கடைசிப் பிரதியில். அதையும் நாம் திருத்தக் கூடாது. 'இந்தப் பத்தியில் இரண்டு பிழை இருக்கு, கண்டுபிடி' என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, வெளி வாசகர். மூன்று குடும்பங்கள் பேசி வைத்துக் கொண்டோம். என் பிள்ளை எழுதியதை நான் படிக்க மாட்டேன், அடுத்த வீட்டம்மா படிப்பார். அவர் பிள்ளையுடையதை நான் படிப்பேன். முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. அடுத்த வீட்டம்மா என் பையனிடம், "தம்பி, இதுல 'அவர்'னு எழுதியிருக்கியே, எந்த அவர்? தாத்தாவா, டாக்டரா?" என்று கேட்டார். என்னிடம் காட்டியிருந்தால் எனக்கு அது எந்த 'அவர்' என்று தெரியும். கேட்டிருக்கவே மாட்டேன்.

மூன்றாவது, கெடு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. ஆறேகால் என்றால் வாங்க மாட்டோம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு, 'அம்மா, நாளைக்குத் தர்றேன்' என்று சொல்லிப் பழக்கம். கல்லூரியில் அம்மா இல்லை. இதோடு கடிகாரம் வைத்து எழுதும் பழக்கமும் வேண்டும். முதலில் இருபது நிமிஷத்தில் ஒரு பத்தி. பிறகு நாற்பத்தைந்து நிமிஷத்தில் முழுக் கட்டுரை. என் பையன் 2021-இல் எழுதிய மேல்நிலை ஆங்கிலத் தேர்வில் இரண்டே கால் மணி நேரத்தில் மூன்று கட்டுரை. ஒன்றில், கொடுத்த சில ஆதாரங்களைச் சேர்த்து வாதம் செய்ய வேண்டும். இன்னொன்றில், ஒருவர் எழுதிய பகுதியை எடுத்து, அவர் எந்த உத்தியால் வாசகரை இணங்க வைக்கிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும். மூன்றாவதில் சொந்த வாதம். பழக்கமில்லாத பிள்ளை முதல் கட்டுரையிலேயே நேரத்தைத் தின்றுவிடும். இந்தத் தேர்வு எழுத ஒரு பள்ளிக்கூடம் இடம் தர வேண்டும். வீட்டுக்கல்விப் பெற்றோர் மாதக்கணக்கில் முன்கூட்டியே பள்ளி பள்ளியாகக் கேட்டு வைக்க வேண்டும்.

நான்காவது, சுருக்கம். நிறையக் கதை படிக்கும் பிள்ளைகள் வாதம் படிப்பதில்லை. கல்லூரியில் வருவது பெரும்பாலும் வாதம். ஆகவே வாரம் ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படி, மூடி வை, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று ஐந்து வாக்கியத்தில் எழுது. அவர் சொல்வதை அவரே ஒப்புக் கொள்ளும்படி எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் 'நான் இதில் மாறுபடுகிறேன்' என்ற ஆறாவது வாக்கியம். இந்த ஐந்து வாக்கியம் வராதவர்களுக்கு ஆறாவது வாக்கியம் எழுத உரிமை இல்லை என்று பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன்.

ஐந்தாவது, கட்டுரைக்கு ஒரு வாதம் வேண்டும். 'தண்ணீரைச் சேமிக்க வேண்டும்' என்று ஒரு பிள்ளை எழுதி வந்தது. "இதை யாராவது இல்லைன்னு சொல்வாங்களா?" என்று கேட்டேன். "மாட்டாங்க." "அப்ப எதுக்குடா கட்டுரை?" யோசித்துவிட்டு, 'எங்கள் தெருவில் கோடையில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதை வாரம் ஒரு நாளாகக் குறைக்க வேண்டும்' என்று மாற்றி எழுதியது. இப்போது மறுக்க ஆள் உண்டு. தெருவே மறுக்கும்! மறுப்பவர் இருந்தால்தான் காரணம் தேட வேண்டும், காரணம் தேடினால்தான் ஆதாரம் வரும், ஆதாரம் வந்தால், 'இந்த ஆதாரம் என் வாதத்தை எப்படித் தாங்குகிறது' என்று விளக்கும் வாக்கியம் வரும். அந்த விளக்க வாக்கியத்தைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். மேற்கோளை வைத்துவிட்டு, அதுவே பேசும் என்று நகர்ந்து விடுகிறார்கள்.

அமெரிக்கப் பள்ளிகளில் ஐந்து பத்திக் கட்டுரை என்று ஒரு வடிவம் சொல்லித் தருவார்கள். முன்னுரை ஒன்று, காரணத்துக்கு ஒன்றாக மூன்று, முடிவுரை ஒன்று. அது கூடாது என்பாரும் உண்டு. என்னைக் கேட்டால் அது நடைவண்டி. நடக்கப் பழகும் பிள்ளைக்கு வேண்டும். கல்லூரி வாசலுக்கு அதைத் தள்ளிக் கொண்டு போகக் கூடாது. எத்தனை காரணமோ அத்தனை பத்தி.

ஆறாவது, பிறர் பொருள். அடுத்தவர் கருத்தை எடுத்தால் யாருடையது, எந்தப் பக்கம் என்று சொல்லிவிட வேண்டும். வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும், கடைசியில் புத்தகப் பட்டியல். வீட்டில் பேசும்போது நாம் யார் சொன்னது என்று சொல்லிக் கொண்டா பேசுகிறோம்? அதனால் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிது. வார்த்தையை மாற்றி எழுதிவிட்டால் நம்முடையது ஆகிவிடும் என்று நினைத்துவிடுவார்கள். ஆகாது. கல்லூரியில் இதற்காகப் பிள்ளையை வெளியே அனுப்பவும் செய்வார்கள்.

ஏழாவது, எழுதியதை ஒரு ராத்திரி ஆறப் போட்டு, மறுநாள் வாய்விட்டுப் படிப்பது. நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் தடுக்கியிருக்கும். இதற்கு ஆசிரியர் வேண்டாம், பணம் வேண்டாம்.

இனி, கல்லூரியில் சேர எழுதும் கட்டுரை. இது வேறு ஜாதி. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் ஏழு தலைப்பு கொடுத்து, ஒன்றைத் தேர்ந்து 650 சொல்லுக்குள் எழுதச் சொல்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் எட்டுக் கேள்வி கொடுத்து நாலுக்குப் பதில் கேட்கிறது, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். எஸ்.ஏ.டி. தேர்விலும் 2005-இல் ஒரு கட்டுரையைச் சேர்த்தார்கள். 2016-இல் அதை விருப்பப் பகுதி ஆக்கினார்கள். 2021-இல் எடுத்தே விட்டார்கள்.

வீட்டில் படித்த பிள்ளைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மதிப்பெண் பட்டியல் தயாரிப்பது அம்மா. பள்ளியைப் பற்றிய விவரக் குறிப்பு எழுதுவது அம்மா. பள்ளி ஆலோசகர் எழுத வேண்டிய கடிதமும் அம்மாதான். ஆசிரியர் சிபாரிசாவது வெளியாரிடம் வாங்குங்கள் என்பேன். சமுதாயக் கல்லூரி ஆசிரியர், நூலகர், வேலை கொடுத்தவர், இப்படி. விண்ணப்பம் முழுக்க அம்மா வாசனை! பிள்ளை தனியாகப் பேசும் ஒரே இடம் அந்த 650 சொல். அதிலும் போய் நாம் உட்கார்ந்து கொண்டால்?

பல பிள்ளைகள் அந்த 650 சொல்லையும், 'நான் ஏன் வீட்டில் படித்தேன், அது ஏன் நல்லது' என்று வக்காலத்து வாங்கவே செலவழித்து விடுகிறார்கள். அந்த விளக்கத்தை ஆலோசகர் கடிதத்தில் அம்மா சொல்லட்டும். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லட்டும்.

என் பையன் 2021 இலையுதிர் காலத்தில் எழுதினான். அவனுக்குப் பின்கட்டில் மழைமானி வைத்துத் தினமும் அளந்து நோட்டில் குறிக்கும் பழக்கம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் எங்கள் ஹூஸ்டன் பக்கம் வந்தது. நாலு நாள் விடாத மழை. நாற்பது அங்குலத்துக்கு மேல் கொட்டிய இடங்கள் பல. அவனுடைய மானி ஐந்து அங்குலம்தான் கொள்ளும். பதின்மூன்று வயசுப் பிள்ளை, குடையைப் பிடித்துக் கொண்டு ராத்திரியும் எழுந்து எழுந்து கொட்டி அளந்தான். மூன்றாம் ராத்திரி அசதியில் தூங்கிவிட்டான். விடிந்து பார்த்தால் மானி நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. எவ்வளவு வழிந்தது என்று தெரியாது. அந்தக் கட்டத்தை நோட்டில் காலியாக விட்டுவிட்டான்.

'எந்தத் தலைப்பும் பெரிசா எழுது. வெள்ளம் வந்தது, அக்கம்பக்கத்துக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோமே, அதை எழுது' என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அடக்கிக் கொண்டேன். அவன் எழுதியது அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி. ரேடியோவில் சொன்ன எண்ணைப் போட்டு நிரப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, ஏன் நிரப்பவில்லை என்று எழுதினான். நான் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். இரண்டு கல்லூரி அவனை வேண்டாம் என்றன. ஒரு அரசுப் பல்கலைக்கழகம் எடுத்துக் கொண்டது. எடுக்காவிட்டாலும் அந்தக் கட்டுரை அவனுடையது. யார் கூப்பிட்டு எந்தப் பத்தியைக் கேட்டாலும் அவனால் பதில் சொல்ல முடியும்.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. தலைப்பைச் சொன்னால் கட்டுரை தருகிறது. உங்கள் கட்டுரையைக் கொடுத்தால் 'பளபள'வென்று ஆக்கியும் தருகிறது. எனக்கு அதைப் பார்த்தால் 2016-இல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. நான் பாசத்தில் செய்தேன், அது பாசம் இல்லாமல் செய்கிறது. விளைவு ஒன்றுதான். கடைசியில் 'இதில் என் வாக்கியம் எது?' என்று தேட வேண்டி வரும். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர், "உன் வார்த்தையில் சொல்" என்று கேட்கும்போது மூன்று வரிக்கு மேல் வராது.

உங்களில் பலர் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்திருப்பீர்கள். சிலர் தனித்தேர்வராக, திறந்தநிலைப் பள்ளி மூலமாக, வீட்டிலிருந்தே படித்து வந்திருப்பீர்கள். 'எனக்கு எழுத வராது' என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு இதுவரை வாசகர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வாரம் ஒரு பக்கம் கையால் எழுதுங்கள். உங்கள் ஊர் டீக்கடையில் எத்தனை பெஞ்ச் என்று எண்ணி எழுதுங்கள். தமிழில் எழுத வந்தால் ஆங்கிலத்திலும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

கடைசியாக, என் சக பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொரு வருஷமும் கூடுகிறோம், சாப்பிடுகிறோம், நன்கொடை தருகிறோம். மகிழ்ச்சி. அதோடு ஒன்று செய்யலாமா? மாசத்துக்கு ஒரு மாணவர் எழுதிய ஒரு பக்கத்தை நாம் ஒவ்வொருவரும் படிக்கலாம். திருத்த வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் எழுதி அனுப்பினால் போதும். அரைமணி நேர வேலை. என் வகுப்புத் தோழி ஒருத்தியும் நானும் பெயர் கொடுத்துவிட்டோம். வெளியே செயலாளர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகுமாறு அன்போடு கேட்டுக் கொள்கிறேன். (கைதட்டல்)

மகள் அந்தக் கட்டுரையைத் தானே திரும்ப எழுதிக் கொடுத்தாள். சுமாரான மதிப்பெண்தான் வந்தது. 2022-இல் பட்டம் வாங்கினாள். இப்போது வேலையில் இருக்கிறாள். நான் ஊருக்குப் புறப்படும் முன்பு அலுவலகத்துக்காக எழுதிய ஒரு அறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தாள். மேலே ஒரு வரி: "அம்மா, மூணு கேள்வி. பேனா தொடக் கூடாது." ஆறு வருஷம் அல்ல, ஒன்பது வருஷம் கழித்து, தானாக அனுப்பினாள். நான் இரண்டே கேள்விதான் கேட்டேன்.

படித்துறையை எண்ணச் சொன்ன அந்தப் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அறையைக் காலையில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த உரையை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்குகிறேன்.